கேட்டி தடம்: சமதளப் பாதையை நீர் ஆளும் விதம்

பழைய ரயில் பாதையில் சைக்கிள் மிதிப்பது எளிது என்று பொதுவாகச் சொல்வார்கள். ரயில் எஞ்சினால் செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாது. அதனால் அதற்காகப் போட்ட பாதையில் ஏற்ற இறக்கம் குறைவாகத்தான் இருக்கும். உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சில் தரையைப் பற்றி ஒன்றும் இல்லை. ஏற்றமே இல்லாத பாதையிலும் டயர் இரண்டு விரற்கடை புதைந்தால் அன்றைய பயணம் மலையேற்றம்தான். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சுமார் 386 கி.மீ. நீளும் கேட்டி தடத்தை இந்தக் கோணத்தில் பார்த்தால் நிறைய விளங்கும். இந்தத் தடத்தில் எந்த மாதம், எந்த ஊருக்குப் பக்கத்தில், கடைசி மழை எப்போது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் "பாதை எப்படி இருக்கும்?" என்று கேட்பதில் பயனில்லை. அந்த மூன்றும் கடைசியில் நீரைப் பற்றிய கேள்விகள்.

ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்த ரயில்

மிசூரி–கான்சாஸ்–டெக்சாஸ் ரயில் நிறுவனத்தை மக்கள் சுருக்கி அழைத்த செல்லப்பெயர் கேட்டி. மிசூரி ஆற்றின் வடகரையை ஒட்டிய பாதை 1890களில் போடப்பட்டது. ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் பாறைச்சுவர், மறுபக்கம் ஆறு, இடையில் வண்டல் படிந்த தாழ்நிலம். குன்றுகளைக் குடைந்து பாலங்கள் கட்டிப் போவதைவிட ஆறு ஏற்கெனவே சமன் செய்து வைத்த நிலத்தில் பாதை போடுவது மலிவு. தடம் முழுவதற்கும் ஒரே ஒரு குகைப்பாதைதான் உண்டு. ரோச்போர்ட் ஊரருகே பாறை ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டு வழிவிடாத இடத்தில் 243 அடி குடைந்திருக்கிறார்கள். மற்ற இடங்களிலெல்லாம் பாறைக்கும் நீருக்கும் இடையே கிடைத்த சந்தில் புகுந்துகொண்டார்கள்.

அந்தச் சிக்கனத்துக்கு விலை இருந்தது. ஆறு சமன் செய்த நிலம் ஆற்றின் நிலம். வெள்ளம் வரும்போது அது திரும்பி வரும் இடமும் அதுதான். நிறுவனம் பல ஆண்டுகள் இதைச் சமாளித்தது. ஆனால் சரக்குப் போக்குவரத்து குறைந்து பராமரிப்புச் செலவு கனத்துக்கொண்டிருந்த காலத்தில், 1986 இலையுதிர் காலத்து வெள்ளம் பாதையைப் பல இடங்களில் அரித்தது. அக்டோபர் 4ஆம் தேதியோடு கிழக்கு முனையான மேச்சன்ஸுக்கும் மேற்கே உள்ள செடேலியாவுக்கும் இடையே ரயில்கள் நின்றன. சரிசெய்து மறுபடி ஓட்டுவதில் நிறுவனத்துக்கு லாபம் தெரியவில்லை. இன்று அங்கே சைக்கிள் மிதிப்பவர் ஒவ்வொருவரும் ஒரு வெள்ளத்துக்குக் கடன்பட்டவர் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

தூங்கவைத்த பாதை

ரயில் நின்றதும் தடம் தானாக வந்துவிடவில்லை. இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் தடம் துண்டு துண்டாகாமல் ஒரே நீளமாக இருப்பதற்குக் காரணம் தார், ஜல்லி, ரோலர் எதுவும் இல்லை. காரணம் ஒரு சட்டப் பிரிவு.

பல இடங்களில் ரயில் நிறுவனத்துக்கு நிலம் சொந்தமில்லை. ரயில் ஓட்டும் உரிமை மட்டுமே இருந்தது. பாதையைக் கைவிட்டால் அந்த உரிமை முடிந்து நிலம் பக்கத்துப் பண்ணைக்காரருக்குச் சேரும். அப்படி ஒரு மைலில் ஒருவர் வேலி போட்டாலும் நீண்ட தடம் என்பது அங்கேயே அறுந்துபோகும். 1983இல் அமெரிக்கத் தேசியத் தடங்கள் சட்டத்தில் சேர்ந்த திருத்தம் இதற்கு ஒரு வழி செய்தது. ரயில் நின்ற பாதையைக் கைவிட்டதாகக் கருதாமல், எதிர்காலத்தில் ரயில் திரும்பலாம் என்ற நிபந்தனையோடு இடைக்காலத் தடமாக ஒப்படைக்கலாம். பொறுப்பையும் வரியையும் தடத்தை நடத்துபவர் ஏற்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் அது இன்னமும் ரயில் பாதை, தூங்கிக்கொண்டிருக்கும் ரயில் பாதை. 1987இல் மிசூரி மாநிலத்துக்கு இந்த ஏற்பாட்டின்படி அனுமதி கிடைத்தது.

பணம் எட்வர்ட் 'டெட்' ஜோன்ஸிடமிருந்தும் அவர் மனைவி பேட்டிடமிருந்தும் வந்தது. எட்வர்ட் ஜோன்ஸ் முதலீட்டு நிறுவனத்தை வளர்த்தவர் டெட். விஸ்கான்சின் மாநிலத்தில் 1960களில் ரயில் பாதையொன்றைச் சைக்கிள் தடமாக்கியிருந்த எல்ராய்–ஸ்பார்ட்டா முன்மாதிரி அவர்களை ஈர்த்தது. பாதை உரிமையை வாங்க 2 லட்சம் டாலர் கொடுத்தார்கள், பின்னர் தடத்தை அமைக்க 20 லட்சம் டாலர் கொடுத்தார்கள். முதல் பகுதி 1990 ஏப்ரலில் ரோச்போர்ட்டில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் டெட் மறைந்தார்.

பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தடத்தை எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பைச் சுயநலம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தாத்தா காலத்தில் ரயிலுக்கென்று விட்டுக்கொடுத்த துண்டு நிலம் ரயில் நின்றால் திரும்பும் என்று நம்பியிருந்தவர்களுக்கு, அது ஊர் பேர் தெரியாதவர்கள் சைக்கிள் ஓட்டும் இடமாகிறது. முற்றத்தை ஒட்டி அந்நியர் நடமாட்டம், மாடுகளுக்கு நடுவே வேலி, குப்பை, திருட்டு பயம். வெர்மான்ட் மாநில வழக்கொன்றில் 1990இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. கூடவே, நிலம் பறிபோனதாகக் கருதுபவர் அரசிடம் இழப்பீடு கேட்கலாம் என்ற வழியையும் திறந்து வைத்தது. கேட்டி தடத்தின் ஓரத்து நில உரிமையாளர்களே தொடுத்த வழக்கில் 2000இல் கூட்டாட்சிக் கோரிக்கை நீதிமன்றம் (அரசிடம் இழப்பீடு கேட்கும் வழக்குகளை விசாரிப்பது) அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தடம் நிலைத்தது, நிலத்துக்குரியவர்களுக்கு விலையும் உண்டு என்றானது. இரண்டும் சேர்ந்ததுதான் நியாயமான முடிவு. முதல் பாதியை மட்டும் பெருமையாகச் சொல்லி இரண்டாவதை விழுங்கிவிடும் தடப் பிரசுரங்கள் சரியில்லை.

1993

மூன்றே ஆண்டுகளில் ஆறு மறுபடி வந்தது. 1993 கோடையில் மிசூரி, மிசிசிப்பி ஆறுகளில் வந்த பெருவெள்ளம் அந்த வட்டாரத்தில் இன்றும் ஆண்டைச் சொன்னாலே புரியும் நிகழ்வு. ஜெஃபர்சன் சிட்டியில் ஆறு 23 அடியைத் தொட்டாலே வெள்ளம் என்று கணக்கு. ஜூலை இறுதியில் அது 38 அடியைத் தாண்டியது. ஹார்ட்ஸ்பர்க் போன்ற தாழ்நில ஊர்களில் கரை உடைந்து வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அதுவரை அமைந்திருந்த 126 மைல் தடத்தில் 75 மைல் சேதமானது. பாதிக்கும் மேல்.

சேதம் எப்படி நடக்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் இன்றைய பாதையின் நிலை விளங்கும். ஆற்று வெள்ளம் மெதுவாக ஏறி நாள்கணக்கில் நிற்கும். நிற்கும்போது அது பாதையைப் பெரும்பாலும் அடித்துச் செல்வதில்லை. மண் கரையை ஊறவைக்கும், மேலே வண்டலைப் படியவிடும், மரங்களையும் குப்பையையும் கொண்டுவந்து போடும். உடைப்பு வேறு இரண்டு இடங்களில் நடக்கிறது. ஆற்றுக்கரை உடைந்து நீர் பாயும் வாயில் ஒன்று. பாறைமேட்டிலிருந்து இறங்கும் ஓடைகள் தடத்தைக் குறுக்கே கடக்கும் சிறுபாலங்களில் மற்றொன்று. வெள்ளம் வடியும்போது கரையின் ஒரு பக்கம் நீர் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இருந்தால், அந்த வித்தியாசம் மேலே உள்ள பொடிக்கல்லைச் சீவிக்கொண்டு போகும். பாதையைக் காப்பாற்றியது பெரும்பாலும் அடியில் கிடந்த ரயில் காலத்து ஜல்லிப் படுகைதான். மேல்தோல் போனாலும் எலும்பு நின்றது. புதுமண்ணில் போட்ட பாதையாக இருந்திருந்தால் 1993க்குப் பிறகு அதைத் தேட வேண்டியிருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் 1995, 2019 என்று பெரிய வெள்ளங்கள் வந்தன. 2019இல் ஆற்றோரப் பகுதிகள் பலவற்றை மூட வேண்டியிருந்தது. தடத்தை நடத்தும் மிசூரி மாநிலப் பூங்காத் துறை மூடிய பகுதிகளின் பட்டியலைத் தொடர்ந்து வெளியிடுகிறது. புறப்படும் முன் அதைப் பார்ப்பது ஓட்டத் தெரிந்தவரின் அடையாளம்.

பொடிக்கல் தரையின் குணம்

தடத்தின் மேற்பரப்பு நுணுக்கிய சுண்ணாம்புக்கல். நம் ஊர் கிரஷரில் ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் தூளையும் சிறுதுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள், கருங்கல்லுக்குப் பதில் வெளிர் சாம்பல் சுண்ணாம்புக்கல். பெரிய துகள், சிறிய துகள், மாவு மூன்றும் கலந்திருப்பதால் நனைத்து உருட்டினால் இடைவெளிகள் அடைபட்டு இறுகும். நீர் தெளித்து அடித்துக் காயவிட்ட களத்துமேட்டுத் தரை மாதிரி ஓர் ஓடு உருவாகும். நல்ல நிலையில் அந்த ஓடு தார்ச்சாலைக்குக் கொஞ்சம்தான் பின்தங்கும். சாலையில் கிடைக்காத ஒன்றும் உண்டு: காலுக்கும் முதுகுக்கும் இதம்.

அந்த ஓட்டை நிறுத்திவைப்பது ஈரத்தின் அளவு. ஈரமே இல்லாமல் வாரக்கணக்கில் காய்ந்தால் மாவு காற்றில் பறந்து, மிச்சமுள்ள துகள்கள் பிடிப்பிழந்து தளர்ந்துபோகும். வளைவில் முன்சக்கரம் நழுவும், சைக்கிளும் ஆளும் வெள்ளை பூசியதுபோல் ஆவார்கள். மிதமான மழைக்கு மறுநாள்தான் பாதையின் பொற்காலம். தூசி அடங்கி, தரை இறுகி, சக்கரம் சத்தமில்லாமல் ஓடும். கனமழை இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் இடைவெளிகளில் நீர் நிறைந்து துகள்கள் ஒன்றையொன்று தள்ளும். பார்வைக்குத் தரை சரியாகவே இருக்கும், அழுத்தினால் அமுங்கும். மிதிப்பவருக்கு எதிர்க்காற்று வீசுவதுபோல் தோன்றும். சில கி.மீ. போன பிறகுதான் காற்று இல்லை, தரைதான் இழுக்கிறது என்பது பிடிபடும்.

எல்லாவற்றிலும் மோசமான காலம் மழைக்காலம் இல்லை. குளிர்கால இறுதி, பிப்ரவரி–மார்ச். இது வெப்பநாட்டு வாசகருக்கு எளிதில் தோன்றாத விஷயம் என்பதால் விரித்துச் சொல்கிறேன். உறைந்த இரவுகளில் தரைக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி விரியும், துகள்களை மேலே தூக்கும். பகலில் வெயில் பட்டதும் மேலே இரண்டு மூன்று அங்குலம் மட்டும் இளகும். அடியில் இன்னும் உறைந்த தளம் இருப்பதால் இளகிய நீர் கீழே இறங்க முடியாது. ஆக, வானம் நீலமாக இருக்கும் நாளில், மழையே பெய்யாமல், பாதை சேறாகும். காலையில் கல்போல் இருந்த அதே இடம் மதியத்தில் குழைந்து நிற்கும். இந்த நேரத்தில் ஓட்டினால் ஓட்டுபவருக்கு மட்டும் கஷ்டமில்லை. சக்கரம் பதித்த பள்ளம் மறுபடி உறைந்து, பிறகு காய்ந்து, வசந்தம் முழுக்க அப்படியே நிற்கும். தடத்தின் சில பகுதிகளில் குதிரைச் சவாரிக்கும் அனுமதி உண்டு. இளகிய நேரத்தில் பதிந்த குளம்புத் தடம் காய்ந்த பிறகு எலும்பை ஆட்டும். அதனால் அங்கே நான் சொல்லக்கூடிய ஒரே கண்டிப்பான விதி: உறைந்து இளகும் வாரங்களில் போவதானால் விடிகாலையில் போங்கள், வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள், முடியாதென்றால் அந்த வாரம் வேண்டாம்.

ஈரப் பொடிக்கல் எந்திரத்துக்கும் எதிரி. மாவு நீரோடு குழைந்து செயினிலும் பிரேக்கிலும் ஒட்டும், அரைக்கும். காய்ந்தால் பூச்சுச் சாந்துபோல் இறுகிவிடும். அன்றிரவே தண்ணீர் ஊற்றிக் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விடாவிட்டால் மறுநாள் கியர் மாறும் ஒவ்வொரு தரமும் சத்தம் கேட்கும். மட்கார்டு இல்லாமல் வருபவர் முதுகில் கோடு வரைந்துகொண்டு ஊர் சேர்வார். டயர் அகலம் 32 மி.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலான நாள்களைச் சமாளிக்கலாம். 38, 40 என்றால் இளகிய நாளிலும் அமுங்காமல் ஓடலாம். பந்தய சைக்கிளின் ஒல்லி டயரில் வறண்ட கோடையில் ஓட்ட முடியும், ஆனால் ஒரு கனமழை அந்தப் பயணத் திட்டத்தை முடித்துவிடும். காற்றழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது செலவில்லாத வைத்தியம்.

ஒரே பெயர், இரண்டு பாதைகள்

வரைபடத்தில் மேற்கே கிளின்டனில் தொடங்கிக் கிழக்கே மேச்சன்ஸ் வரை ஒரே கோடு. மைல்கற்களில் இன்றும் ரயில் காலத்து எண்கள்தான்: மேச்சன்ஸில் 27, கிளின்டனில் 264. ஆனால் ஓட்டிப் பார்ப்பவருக்கு இது பூன்வில்லில் ஒட்டிய இரண்டு வெவ்வேறு பாதைகள்.

பூன்வில்லுக்கு மேற்கே ஆறு இல்லை. கிளின்டன், கல்ஹூன், வின்ட்சர், கிரீன் ரிட்ஜ், செடேலியா, பைலட் குரோவ் என்று புல்வெளியும் பண்ணையும் மாறி மாறி வரும் மேட்டுநிலம். செடேலியா–கிளின்டன் இடையிலான 33 மைல் பாதை 1991இல் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் கொடையாகக் கொடுத்தது. வின்ட்சர் அருகே தடம் 955 அடி உயரத்தைத் தொடுகிறது, தடம் முழுவதிலும் அதுவே உச்சி. ஏற்றம் என்று சொன்னால் சாலை சைக்கிள்காரர் நம்பமாட்டார். ரயில் சரிவு அப்படி: கண்ணுக்குத் தெரியாது, ஆனால் முடியவும் முடியாது. செடேலியாவுக்கும் பூன்வில்லுக்கும் இடையில் இப்படி நீண்டு நீண்டு ஏறி இறங்கும். சாலை மேட்டில் உச்சி தெரியும், மனம் தயாராகும். இங்கே மரநிழலுக்கு நடுவே பாதை சமமாகத்தான் தெரிகிறது, வேகம் மட்டும் குறைந்துகொண்டே போகும். முதல்முறை வருபவர் பிரேக் உரசுகிறதோ என்று இறங்கிப் பார்ப்பதுண்டு.

மேட்டுநிலத்தில் நீர் தங்காது. மழைக்குப் பிறகு கிழக்குப் பகுதியைவிட இது சீக்கிரம் காயும். பதிலுக்கு இங்கே காற்று இருக்கிறது. கோடையில் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்றுக்கு மறைப்பில்லாத திறந்த நீளங்கள் உண்டு. முழுத் தடத்தையும் ஒரே திசையில் ஓட்ட நினைப்பவர்கள் மேற்கே தொடங்கிக் கிழக்கே போவதை நான் ஆதரிப்பேன். காற்று முதுகில் இருக்க வாய்ப்பு அதிகம், செடேலியாவிலிருந்து ஆற்றை நோக்கி மொத்தத்தில் இறக்கமும் கிடைக்கும்.

பூன்வில்லில் ஆற்றைக் கடந்ததும் எல்லாம் மாறுகிறது. ரோச்போர்ட், மெக்பேன், ஹார்ட்ஸ்பர்க், வட ஜெஃபர்சன், டெபெட்ஸ், மோகேன், போர்ட்லண்ட், மெக்கிட்ரிக், மார்த்தாஸ்வில், அகஸ்டா, டிஃபையன்ஸ், செயின்ட் சார்ல்ஸ் என்று கிழக்கே போகும் வழி முழுக்க தாழ்நிலம். உயரம் என்ற பேச்சே இல்லை. ரோச்போர்ட்டை ஒட்டிய சில மைல்கள் தடத்திலேயே அழகானவை. இடப்பக்கம் செங்குத்தான வெண்பாறை, வலப்பக்கம் ஆறு, இரண்டுக்கும் நடுவில் இரண்டு சைக்கிள் அகலத்துக்குப் பாதை. 1804இல் லூயிஸ்–கிளார்க் குழு படகில் மேலேறியது இந்த ஆற்றில்தான்.

ஆனால் அந்த அழகுக்குக் காரணமான பாறையும் நிழலும்தான் தரையை ஈரமாக வைத்திருப்பவை. வடகரைப் பாறையின் அடியில் ஊற்று கசியும். மரக்கூரை அடர்ந்த இடங்களில் வெயில் இறங்காது. மழை நின்று இரண்டு நாளாகியும் அங்கே இலைச்சருகுக்கு அடியில் தரை மெத்தென்று இருக்கும், திறந்த சோள வயல்களுக்கு நடுவே போகும் அடுத்த மைலில் தூசி பறக்கும். ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில், இரண்டும் வரும். இலையுதிர் காலத்தில் காட்சி மிக அழகு, தரை கவனம் கேட்கும்: சருகு மூடிய குச்சியும் கொட்டையும் கண்ணுக்குத் தெரியாது. இடிமழைக்கு மறுநாள் கிளைகளோ முழு மரமோ குறுக்கே கிடக்கலாம். வெள்ளம் வடிந்த பிறகு படிந்திருக்கும் வண்டல் இன்னொரு ஆபத்து. ஈரமாக இருந்தால் வழுக்கும், பொடிக்கல்லில் பிரேக் பிடிக்கும் பழக்கத்தோடு அதில் பிரேக் பிடித்தால் விழுவீர்கள்.

வெயிலைப் பற்றி நம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றலாம். சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும், ஆற்றுச் சமவெளியின் புழுக்கம் நம் கடலோரப் புழுக்கத்துக்குச் சளைத்ததில்லை. வித்தியாசம் என்னவென்றால் நம் சாலைகளில் நாலு கி.மீ.க்கு ஒரு டீக்கடை இருக்கும். இங்கே பல கி.மீ. போனாலும் கடை ஏதும் எதிர்பார்க்க முடியாத நீளங்கள் உண்டு. தடத்து நிறுத்தங்கள் எல்லாவற்றிலும் குடிநீர் கிடையாது, இருக்கும் இடங்களிலும் குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க அடைத்துவிடுவார்கள். சிற்றூர்க் கடைகள் வாரத்தில் சில நாள் மூடியிருக்கும். தண்ணீரைக் கடைகளை நம்பித் திட்டமிடாமல், நிறுத்தங்களின் பட்டியலை வைத்துத் திட்டமிட வேண்டும். புல்லோரத்தில் உட்காரும் முன் பார்க்க வேண்டியவை உண்ணியும், தொட்டால் தோல் கொப்பளிக்கும் விஷக்கொடியும். மூன்று மூன்று இலையாக இருக்கும் செடியைத் தொடாதே என்று அங்குள்ள குழந்தைகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுப்பார்கள்.

மெக்பேன் ஊரருகே, தடத்திலிருந்து சற்று விலகி, வயல் நடுவே ஒரு பெரிய பர் ஓக் மரம் தனியே நிற்கிறது. வயது முந்நூற்றைம்பது முதல் நானூறு வரை என்கிறார்கள். 1993 வெள்ளத்தைத் தாண்டி நின்ற அந்த மரத்தை 2020 அக்டோபரில் மின்னல் தாக்கியது. ஊர்த் தீயணைப்பு வீரர்கள் ஓடிவந்து உள்ளே எரிந்த நெருப்பை அணைத்தார்கள். போகிறவர்கள் தடத்தை விட்டு விலகிப் போய் ஒருமுறை பார்க்கலாம்.

பாலம் ஒன்று போனால்

பூன்வில்லில் மிசூரி ஆற்றைக் கடக்க சைக்கிள்காரர்கள் இப்போது பயன்படுத்துவது நெடுஞ்சாலைப் பாலத்தின் ஓரத்தில் பிரித்துக் கொடுத்த தனிப்பாதை. பக்கத்திலேயே பழைய ரயில் பாலம் நிற்கிறது. 1932இல் முடிந்த பாலம், கப்பல்களுக்கு வழிவிட நடுப்பகுதியை அப்படியே மேலே தூக்கும் வகை.

கேட்டி நிறுவனம் 1988இல் யூனியன் பசிபிக்கோடு சேர்ந்தபோது பாலமும் அவர்களிடம் போனது. பின்னாளில் அந்த நிறுவனம் பாலத்தைப் பிரித்து அதன் இரும்பை ஓசேஜ் ஆற்றில் கட்டவிருந்த இன்னொரு ரயில் பாலத்துக்குப் பயன்படுத்த நினைத்தது. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் வேறு பாலம் இருக்கும்போது இது ஏன் கவலைக்குரிய விஷயம்? சட்டம்தான் காரணம். ரயில் எப்போதாவது திரும்பலாம் என்ற அனுமானத்தின்மீதுதான் தடம் முழுவதும் நிற்கிறது. ஆற்றைக் கடக்கும் ரயில் பாலத்தையே எடுத்துவிட்டால் இது தொடர்ச்சியான ரயில் வழிதானா என்ற கேள்வி வரும், அந்தக் கேள்வி நிலம் திரும்ப வேண்டும் என்போரின் கையை வலுப்படுத்தும் என்று தட ஆர்வலர்கள் அஞ்சினார்கள். 2005இல் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றம் போனார். கடைசியில் ஓசேஜ் பாலத்துக்கு வேறு நிதி கிடைத்தது, 2010இல் பழைய பாலம் பூன்வில் நகரின் கைக்கு வந்தது.

நீரால் வரும் சேதத்தைக் கண்ணால் பார்க்கலாம், ரோலர் கொண்டுவந்து சரிசெய்யலாம். இந்தச் சட்டச் சேதம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இரண்டையும் ஒரே ஆய்வில் வைத்துச் சொல்கிறேன். பாதை நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்குப் பொடிக்கல்லின் இறுக்கம் ஒரு பதில், மேச்சன்ஸிலிருந்து கிளின்டன் வரை ஒரு முழம்கூட இன்னொருவர் வேலிக்குள் போகாமல் இருப்பது இன்னொரு பதில்.

ஊர்களுக்கு என்ன கிடைத்தது

தடத்தின் பொருளாதார விளைவைப் பற்றி 2012இல் மாநிலப் பூங்காத் துறை வெளியிட்ட ஆய்வு, ஆண்டுக்கு சுமார் 4 லட்சம் பேர் வருவதாகவும், ஆண்டுப் பொருளாதார விளைவு சுமார் 1.85 கோடி டாலர் என்றும் கணக்கிட்டது. பெரிய நகருக்கு இது சில்லறை. நூறு, இருநூறு பேர் வாழும் ஹார்ட்ஸ்பர்க்குக்கும் ரோச்போர்ட்டுக்கும் அப்படியில்லை. ரயில் நின்றபின் மூடிய கடைகளில் சில தங்கும் விடுதியாகவும் உணவகமாகவும் சைக்கிள் பழுதுபார்க்கும் இடமாகவும் திறந்திருக்கின்றன. 1980இல் அமெரிக்காவின் முதல் அதிகாரபூர்வத் திராட்சைமது வட்டாரமாக அறிவிக்கப்பட்ட அகஸ்டாவுக்கு வார இறுதிகளில் சைக்கிள்காரர்கள் வரிசையாக வருகிறார்கள். டெபெட்ஸில் பழைய கட்டடமொன்றைச் சைக்கிள்காரர் தங்கும் எளிய விடுதியாக்கியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த வருமானமும் ஆற்றின் தயவில் இருக்கிறது. வெள்ளத்தில் நடுவே பத்து மைல் மூடினால் முழுத் தடத்தையும் ஓட்ட வந்தவர்கள் பயணத்தையே கைவிடுகிறார்கள். மூடாத பகுதியில் இருக்கும் விடுதிக்கும் முன்பதிவு ரத்தாகும். ஆகவே மாற்றுவழியைத் தெளிவாகக் காட்டும் பலகையும், எந்த மைலிலிருந்து எந்த மைல் வரை மூடல் என்ற அன்றாட அறிவிப்பும் ஊர்க்கடைகளுக்குச் சோறு போடும் வேலைகள். சிறுபாலங்களுக்கு அடியில் அடைத்த குப்பையை மழைக்கு முன் எடுப்பது, பக்கவாட்டு வடிகாலைத் தூர்வாருவது, பாதையின் நடுவை ஓரத்தைவிடச் சற்று உயர்த்தி நீர் வழிந்தோடச் செய்வது ஆகியவை பெரிய வெள்ளத்தைத் தடுக்காது. வருடத்தின் மற்ற நாள்களில் தரை எப்படி இருக்கும் என்பதை முடிவுசெய்வது இவைதான். நிதி குறையும் ஆண்டுகளில் முதலில் தள்ளிப்போடப்படும் வேலைகளும் இவைதான் என்பது எனக்கு உண்மையான கவலை.

தடம் இன்னும் நீளுகிறது. வின்ட்சரிலிருந்து மேற்கே பிளெசன்ட் ஹில் வரை ராக் ஐலண்ட் ரயில் பாதையின் 47 மைல் 2016 டிசம்பரில் தடமாகத் திறந்தது. அது மேட்டுநிலப் பாதை, ஆற்றுவெள்ளம் அதைத் தொடாது. பதிலாகப் பாறையை வெட்டிய ஆழமான வழிகளும் நீண்ட பாலங்களும் உண்டு. வெட்டுப்பள்ளங்களில் இரு பக்கச் சுவரிலிருந்தும் கசியும் நீரை வெளியேற்றுவதுதான் அங்கே வேலை.

புறப்படுபவர் வைத்திருக்க வேண்டிய ஒரு வசதியைச் சொல்லி நிறுத்துகிறேன். ஆற்றுக்குத் தெற்கே ஆம்ட்ராக் பயணிகள் ரயில் ஓடுகிறது. செடேலியா, ஜெஃபர்சன் சிட்டி, ஹெர்மன், வாஷிங்டன் ஊர்களில் நிற்கும், முன்பதிவு செய்தால் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும். நடுவழியில் பாதை மூடியிருந்தாலோ மூன்று நாள் மழையில் தரை குழைந்துபோனாலோ, பாலம் கடந்து அந்த நிலையங்களில் ஒன்றுக்குப் போய் அடுத்த நல்ல பகுதிக்கு ரயிலில் தாண்டிவிடலாம். சைக்கிளுக்கான இடம் ஒவ்வொரு வண்டியிலும் குறைவு, அதனால் வானிலை அறிக்கை மோசமாகும் அன்றே பதிவு செய்துவிடுங்கள்.